நாகலூருக்கு ஒரு கெர்னல்

செவ்வாய்ப்பேட்டையில் கடைசி ஷட்டர் இறங்கும்வரை
அது கொலுசு வரைகிற கம்ப்யூட்டர்.
சலங்கை எத்தனை, முத்து எத்தனை, திருகு எந்தப் பக்கம்
எல்லாம் திரையில் சுழற்றிக் காட்டும்.
பதினாறு கோர். அதை வாங்க
லட்சுமிபதி அண்ணன் ஒரு மாருதி வேனை விற்றார்.

ஒன்பதரைக்கு மேல் அது எனக்கு.
கரண்ட் பில்லில் பாதி என் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு.
இதுவரை பிடித்ததில்லை.

நாகலூர் ஆஸ்பத்திரியில் ஆறு கம்ப்யூட்டர்,
ஏதோ ஒரு பேங்க் கழித்துப் போட்டவை.
பதிவுச் சீட்டுக்கு ஒன்று, மருந்து அறைக்கு ஒன்று,
ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று.
மற்ற மூன்றும் எது எதற்கு என்று
மாதேஸ்வரி சிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை அங்கேயே கம்பைல் போட்டுப் பார்த்தோம்.
வெள்ளி மாலை தொடங்கி
ஞாயிறு மதியம் பாதி தாண்டியபோது
சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்தது.
கரண்ட் திரும்பி வந்தபோது
கோப்புகள் இருந்தன, உள்ளே எதுவும் இல்லை.

அதிலிருந்து இங்கே வேகவைத்து
தூக்குப்போசியில் கொண்டுபோகிற கதைதான்.
தூக்குப்போசி என்றால் பென் டிரைவ்.

இங்கே அதே வேலைக்கு இரண்டரை மணி நேரம்.
சித்திரை மாதச் சேலம்,
அறைக்குள் தெருவைவிடச் சூடு.
நான்கு ஃபேனும் ஒரே சுருதியில் கத்த
பொட்டலத்தில் தட்டுவடை செட்டின் பீட்ரூட் வாடுகிறது.
சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வரிகள் ஓடுகின்றன: கோப்பின் பெயர், கோப்பின் பெயர்,
யாரோ எப்போதோ எழுதிவைத்த எச்சரிக்கை,
கோப்பின் பெயர்.

முதல் தடவை நான்தான் பிசகினேன்.
எந்த புராசஸருக்கு என்ற இடத்தில்
உன்னிடம் இருப்பதையெல்லாம் போட்டுக்கொள் என்று எழுதிவிட்டேன்.
அதுவும் போட்டுக்கொண்டது,
ஒரே மூச்சில் எட்டு எண்ணைக் கூட்டும் வித்தைவரை.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஏழாவதில் முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
நாகலூரில் பனி, சிஸ்டர் ஸ்வெட்டரில்.
பதிவு மேஜைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டினேன்.
ஒரே ஒரு வரி வந்தது:
சட்டவிரோதக் கட்டளை.
பிறகு திரை இருண்டது.

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்,
"யாரு மேல கேசு?"

என்மேல்தான்.
அந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் கிடையாது.
தனக்குத் தெரிந்த வார்த்தையில் எது சொன்னாலும் செய்யும்,
பதினாறு வருடமாகச் செய்கிறது.
நான் சொன்ன வார்த்தை
அது பிறந்தபோது இல்லை.

அன்று நூற்றுப் பன்னிரண்டு சீட்டும் கையால் எழுதினோம்.
நான் எழுதியது முப்பது.
ஒவ்வொன்றுக்கும் மருந்து அறை தவசீலன்
ஜன்னலில் தலையை நீட்டி
"இது என்னங்க எழுத்து?" என்றார்.

இப்போதெல்லாம் முதல் வரியிலேயே
அந்தப் பழைய புராசஸரின் பெயர்,
பின்கோடோடு விலாசம் எழுதுகிற மாதிரி.
அதற்குப் பிறகு நடப்பதை
எத்தனை முறையானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.
பதினாறு கோரும் தலைதெறிக்க ஓடும்.
ஓடிக்கொண்டே
தனக்குத் தெரிந்ததில் பாதியை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு
நாகலூருக்குப் புரிவதை மட்டும் எழுதும்.

பன்னிரண்டரைக்கு லட்சுமிபதி அண்ணன் போன்:
"வாட்ச்மேன் சொல்றான், உள்ள என்னமோ இரையுதாமே?"
நாகலூருக்கு என்றேன்.
"நாளைக்குக் காலைல அந்த முத்துக் கொலுசு
டிசைன் வேணும், மறந்துடாதே" என்று வைத்துவிட்டார்.

பிழை இல்லை. எச்சரிக்கை நாற்பத்து மூன்று;
அவை எப்போதும் இருப்பவை.
உருவி எடுத்தால் பென் டிரைவ் கையில் சுடுகிறது.
முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது,
அதற்குள் ஆறிப்போகும், தெரியும்.
இருந்தாலும் சட்டையை மாட்டி
ஜோப்பில் போட்டுக்கொள்கிறேன்.